உறி: தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சொல்

வீட்டுப் பொருள்களின் பெயர்கள் இரண்டு வகையாக மறைகின்றன. பொருள் வழக்கொழிந்ததும் அதன் பெயரும் உடன் போய்விடுவது ஒரு வகை. பொருள் போனபின்னும் பெயர் மட்டும் தங்கி, வேறொன்றைக் குறிக்கத் தொடங்கிவிடுவது மற்றொரு வகை. முதல் வகையில் நமக்கு இழப்பு தெரியும், அகராதியைப் புரட்டுவோம். இரண்டாம் வகையில் இழப்பே தெரியாது. சொல்லை அறிவோம் என்ற நம்பிக்கையுடன் பழம்பாட்டைப் படித்து, பிழையான பொருளைக் கொண்டுவிடுவோம். 'உறி' என்பது இந்த இரண்டாம் வகைச் சொல்.

ஆரணி வட்டாரத்து மாணவர்களுக்குச் சிலப்பதிகாரம் நடத்தும்போது இதை நாம் நன்கு உணர்ந்திருக்கிறோம். பெரும்பாலோர் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள். பாவும் ஊடையும் தறியும் அறிந்தவர்கள். 'உறி' என்றால் என்ன என்று கேட்டால் தயங்காமல் விடை வரும்: "கோயில் விழாவில் கம்பால் அடித்து உடைக்கிற பானை." உறியடித் திருவிழா அவர்களுக்குத் தந்த விடை இது. இதைக் கொண்டு ஆய்ச்சியர் குரவைக்குள் நுழைந்தால் ஒன்றும் விளங்காது. ஏனெனில் உறி என்பது பானையன்று, பானையைத் தாங்குவது. அது உடைப்பதற்காக ஏற்பட்டதும் அன்று, காப்பதற்காக ஏற்பட்டது.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். மூன்று அல்லது நான்கு கயிற்றுப் புரிகளை மேலே ஒரே முடிச்சாகக் கூட்டி, கீழே ஒரு வளையத்திலோ பின்னலிலோ பிணைத்து, அதில் கலத்தை அமர்த்தி விட்டத்திலிருந்து தொங்கவிடும் அமைப்பே உறி. தென்னை நார், பனை நார், சணல், பருத்திக் கயிறு, பிரம்பு என அந்தந்த ஊரில் கிடைத்ததைக் கொண்டு இது முடையப்பட்டது. வசதியுள்ள வீடுகளில் சங்கிலி உறிகளும் உண்டு. ஒன்றன்கீழ் ஒன்றாகக் கலங்களை அடுக்கும் உறிகளும் இருந்தன. எறும்பு ஏறாது, எலி எட்டாது, பூனை தாவாது, குழந்தையின் கையும் படாது. நாற்புறமும் காற்றோட்டம் இருப்பதால் தயிரும் வெண்ணெயும் விரைவில் கெடா. சுவரும் இல்லை, கதவும் இல்லை, பூட்டும் இல்லை. தரையிலிருந்து விலகியிருப்பது ஒன்றே அதன் காவல்.

முகத்தல் அளவையில் வரும் 'உரி' வேறு சொல். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. இடையின ரகரமும் வல்லின றகரமும் பேச்சில் வேறுபாடின்றி ஒலிப்பதால் இரண்டும் செவிக்கு ஒன்றாகிவிட்டன. பால், நெய் பற்றிய பேச்சில் இரண்டுமே வரக்கூடும் என்பதால் குழப்பம் எளிதில் நேரும்.

சங்க நூல்களில் உறியைத் தேடினால் அது வீட்டு விட்டத்தில் இருப்பதைவிட மனிதத் தோளில் இருப்பதையே முதலில் காண்கிறோம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை முல்லை நிலத்து இடையனை வருணிக்கும்போது அவனுடைய செருப்புப் பழகிய அடியையும், கோல் ஊன்றிய கையையும் சொல்லி, அடுத்து அவன் தோளுக்கு வருகிறது. அந்தத் தோளில் ஒரு தழும்பு. 'உறிக்கா' சுமந்து சுமந்து ஏற்பட்ட தழும்பு. கா என்பது தோளில் குறுக்கே வைத்துச் சுமக்கும் தண்டு; அதன் இரு முனைகளிலும் உறிகள் தொங்கும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்தச் சுமையை விரித்துப் பேசவில்லை. அது விட்டுச்சென்ற வடுவைக் காட்டிவிட்டு நகர்கிறார். இந்தப் பாட்டின் தலைவன் ஆண்ட கச்சி, ஆரணிக்கு அண்மையில் உள்ள இன்றைய காஞ்சிபுரமே. ஆகவே இந்தத் தழும்பு நம் தொண்டை நாட்டுத் தோளின் தழும்பு.

அதே பகுதியில் ஆய்மகளின் வணிகமும் வருகிறது. மோர் விற்று வந்த தானியத்தால் சுற்றத்துக்கு உணவளிக்கும் அவள், நெய்யை விற்கும்போது பொன்னை வாங்க மறுக்கிறாள். எருமையையும் பசுவையும் நாகையும் விலையாகக் கொள்கிறாள். பொன் கறவாது என்பது அவள் கணக்கு. இடையனின் உறியும் ஆய்மகளின் இந்தக் கணக்கும் ஒரே குடும்பத்தின் இரு பாதிகள்.

இடைக்காடனார் பாட்டுகளில் இந்த உறி இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. நற்றிணை 142ஆம் பாட்டில் மழைக்காலத்துக் கடைநாள் இரவில் பால் விற்கும் இடையன் உறியையும் தீக்கடை கோல் முதலிய கருவிகளை இட்ட பையையும் தோலுடன் சுருட்டி முதுகில் இட்டிருக்கிறான். அகநானூறு 274இல் உறியும் பானையும் தோலும் உடையவனாக, தூறலில் ஒருபுறம் நனைந்தபடி, கோலை ஊன்றித் தனியே நிற்கிறான். இரண்டிலும் உறியின் கயிறுகளைக் குறிக்கக் 'கால்' என்ற சொல் ஆளப்படுகிறது. தரையில் ஊன்றாத ஒன்றுக்குக் கால்! மேலிருந்து தாங்குவதையும் காலாகக் கண்ட அந்தப் பார்வை, உறியை நாள்தோறும் கையாண்டவர்களின் பார்வை.

சோழர் காலத்துக்கு வந்தால் இதே இடையர்களைக் கல்வெட்டுகளில் 'மன்றாடி' என்ற பெயரில் சந்திக்கிறோம். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் விடப்படுவதும், அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பதும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஏற்பாடு. ஆட்டின் தொகையும் நெய்யின் அளவும் கொடுத்தவர் பெயரும் கல்லில் ஏறின. நெய்யைச் சேர்த்துவைத்த கலமும் உறியும் ஏறவில்லை. கல்வெட்டு உரிமையைப் பதிவு செய்கிறது. உழைப்பின் கருவியைப் பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. அதற்கு நாம் பாட்டைத்தான் நாடவேண்டியிருக்கிறது.

உறிக்காவின் மற்றொரு பயணம் முருக வழிபாட்டில் முடிகிறது. காவுதடி என்பதே காவடி ஆயிற்று என்பர். பழநித் தலபுராணக் கதையில் இடும்பன் இரு குன்றுகளைத் தோளில் தூக்கி வருகிறான். தண்டுக்குப் பிரம தண்டம் கிடைத்தது; குன்றுகளைப் பிணைக்கும் கயிறுகளாக நாகங்கள் வந்தன. கதையைக் கட்டியவர்களுக்கு உறியின்றி ஒரு காவைக் கற்பனை செய்ய முடியவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. மலையையே தூக்கினாலும் அதை உறியில் வைத்துத்தான் தூக்கவேண்டும். இன்று காவடி எடுப்போர் பால்குடத்தைக் கட்டும் கயிற்றில் அந்த இடையனின் தொழில்நுட்பம் இருக்கிறது, பெயர்தான் இல்லை.

இடையனுக்கு அடுத்தபடி உறியை ஏந்தியவர் துறவி. பாலைக்கலியில், தலைவனுடன் சென்றுவிட்ட மகளைத் தேடிப் புறப்படும் செவிலி, எதிர்வரும் அந்தணரைக் கண்டு வினவுகிறாள். அவர்களிடம் இருப்பவை குடை, முக்கோல், உறியில் தாழ்ந்து தொங்கும் கரகம். மதுரைக்காஞ்சியில் சமணத் துறவியரின் கரண்டை பல புரிகளுள்ள 'சிமிலி'யில் தொங்குகிறது. சிமிலி என்பது உறிக்கு மற்றொரு பெயர். மணிமேகலையிலும் மலர்வனம் புக்க காதையில் இச்சொல் வருகிறது. களிமகன் ஒருவன் சமணத் துறவியை வழிமறித்துக் கள்ளுண்ண அழைத்துக் கேலி செய்யும் இடம் அது. துறவியை அடையாளம் காட்டச் சாத்தனாருக்குச் சிமிலியில் தொங்கும் கரண்டை பயன்பட்டிருக்கிறது. வீடும் விட்டமும் துறந்தவனுக்குத் தொங்கவிட வேறு இடம் ஏது? அவனே நடமாடும் விட்டமாகிவிடுகிறான். எல்லாவற்றையும் விட்டவனும் நீரைத் தரையில் வைக்கவில்லை.

ஆரணிப் பக்கத்தில் இதை ஏட்டுச் செய்தி என்று தள்ளிவிட இயலாது. போளூர் வட்டத்துத் திருமலையில் சோழர் காலத்துக் குந்தவை ஜினாலயமும், பாறையில் நெடிதுயர்ந்து நிற்கும் நேமிநாதர் உருவமும் இருக்கின்றன. ஆரணிக்கு அருகே பூண்டியில் பழைய அருகர் கோயில் உண்டு. சுற்றுவட்டாரத்தில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. திகம்பர முனிவர்கள் மயிற்பீலியையும் கமண்டலத்தையும் இப்போதும் ஏந்துகிறார்கள். ஆனால் கமண்டலத்துக்குக் கைப்பிடி வந்துவிட்டது, சிமிலி போய்விட்டது. ஊரைத் தொட்டுச் செல்லும் ஆற்றின் பெயரோ கமண்டல நாகநதி. அப்பெயரைப் படவேட்டு ரேணுகாம்பாள், சமதக்கினி முனிவர் கதையுடன் இணைத்து மக்கள் சொல்வதுண்டு. கமண்டலம் ஆற்றின் பெயரில் நிலைத்தது. அதைத் தாங்கிய உறிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

மூன்றாவதாக வருபவள் இல்லத்தரசி. இங்கேதான் மாதரியின் வீட்டை நாம் நெருங்குகிறோம். கோவலன் சிலம்பு விற்கப் போயிருக்கிறான். கண்ணகி இடைச்சேரியில் இருக்கிறாள். விடிந்ததும் மாதரி தீய நிமித்தங்களைக் காண்கிறாள். குடத்துப் பால் உறையவில்லை; ஏற்றின் கண்ணில் நீர் வடிகிறது; உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை; ஆட்டுமறிகள் துள்ளவில்லை; பசுக்களின் கழுத்து மணி அறுந்து வீழ்கிறது. உறி என்றால் உடைக்கும் பானை என்று எண்ணும் மாணவர் இந்த வெண்ணெயின் கனத்தை உணர முடியாது. உறி வெண்ணெய் ஒருநாள் வெண்ணெயன்று. நாள்தோறும் கடைந்து, நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து, எறும்புக்கும் பூனைக்கும் தப்புவித்து உயரத்தில் காத்த சேமிப்பு அது. உருக்கினால்தான் நெய், நெய் கொடுத்தால்தான் எருமையும் பசுவும். ஆகவே அது உருகவில்லை என்றால் அந்தக் குடும்பத்தின் வைப்பே பயனின்றிப் போயிற்று என்று பொருள். வீட்டில் மிகப் பத்திரமான இடத்துக்கே கேடு வந்துவிட்டது. அடைக்கலமாக வந்தவளைக் காக்கும் பொறுப்பு மாதரிக்கு இருக்கும் அந்த நாளில், காவலுக்கென்றே இருக்கும் பொருள் கைவிடுவது தற்செயல் நிமித்தமாக நமக்குத் தோன்றவில்லை.

பெரியாழ்வார் திருமொழியின் முதல் திருமொழியில் இதே உறி மகிழ்ச்சியின் அடையாளமாகிறது. கண்ணன் பிறந்த களிப்பில் ஆயர்கள் உறிகளை முற்றத்தில் உருட்டிவிட்டு ஆடுகிறார்கள். நெய்யையும் பாலையும் தயிரையும் வாரி இறைக்கிறார்கள். மாதரி வீட்டு உறியை அறிந்தவர்களுக்கே இந்தக் களிப்பின் அளவு தெரியும். உள்ளதையெல்லாம் கொட்டிவிடும் மகிழ்ச்சி அது. பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் குழந்தைக் கண்ணன் பீடத்தையும் உரலையும் அடுக்கி ஏறி, உறிக்கலங்களைத் துளைக்கும் குறும்பை ஆய்ச்சியர் யசோதையிடம் முறையிடுகிறார்கள். அங்கு வரும் வடசொல் 'சிக்யம்'. இது மிகப் பழைய சொல். அதர்வ வேதத்தின் இல்லப் பாட்டில் வீட்டுக்குள் கட்டிய சிக்யங்கள் பேசப்படுகின்றன. சதபத பிராமணத்தில் வேள்வித் தீச்சட்டியைச் சிக்யத்தில் வைத்துக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுச் சுமக்கும் சடங்கு வருகிறது. வெண்ணெய் மட்டுமன்றி நெருப்பும் உறியில் ஏறியிருக்கிறது.

ஆரணி பலமொழி பேசும் ஊர். 17ஆம் நூற்றாண்டில் மராட்டியர் வழிவந்த ஜாகீர் இங்கு ஏற்பட்டது. சத்திய விஜய நகரத்து அரண்மனை அதன் எச்சம். தமிழுடன் தெலுங்கும் சௌராஷ்டிரமும் மராத்தியும் உருதும் இவ்வூர்த் தெருக்களில் ஒலித்திருக்கின்றன. இம்மொழிகள் சிலவற்றில் உறியின் பெயரைப் பார்ப்போம். மலையாளத்தில் உறி; தெலுங்கில் உட்டி. நம் பற்று, சுற்று என்பன தெலுங்கில் பட்டு, சுட்டு என்று நிற்பதை எண்ணினால் உறிக்கும் உட்டிக்கும் உள்ள உறவு விளங்கும். மராத்தியில் சிங்கே, இந்தியில் சீங்கா. இவை சிக்யத்தின் வழிவந்தவை. தமிழ் அகராதிகளில் உறிக்குத் தரப்படும் 'சிக்கம்' என்ற சொல்லும் அந்த வழியினதே.

பழமொழிகளிலும் இந்த உறவைக் காணலாம். உறிக்கு எட்டிக் குதிக்க முடியாதவள் சொர்க்கத்துக்குத் தாவினாளாம் என்கிறது தெலுங்கு. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன நம் கதைதான். உறி அறுந்தது, பூனைக்கு யோகம் என்கின்றன மராத்தியும் இந்தியும். நம் பழமொழித் தொகுப்புகளிலோ உறி அறுந்தால் மூளி நாய்க்கு வேட்டை. விலங்கு மாறுகிறது, அறுந்து விழுவது மட்டும் எங்கும் உறிதான். அறுந்த உறியைப் பற்றிய அச்சம் எல்லா மொழிக்கும் பொது.

இனி, ஓட்டுக் கூரை போட்ட பழைய நெசவாளர் வீட்டை மனக்கண்முன் கொண்டுவருவோம். குழித்தறியில் அமர்ந்து காலால் மிதியை மிதிக்க, மேலிருந்து தொங்கும் கயிறுகளில் விழுதுகள் ஏறி இறங்குகின்றன. கூடத்து விட்டத்தில் தூளி, அதில் குழந்தை. அடுக்களைக் கூரையில் உறி, அதில் தயிர்க்கலயம். பிழைப்பும் பிள்ளையும் உணவும் ஒரே கூரையின் மரத்தில் தொங்கின. மூன்றும் கயிற்றையும் முடிச்சையும் நம்பியவை. நூலோடு வாழ்ந்தவர்களுக்கு முடிச்சின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் உறியை வெறும் ஏக்கத்தோடு நினைப்பது முழு உண்மையாகாது. எட்டாத உயரம் என்பது பூனைக்கு மட்டும் எட்டாததன்று. நெய்யையும் தயிரையும் யார் இறக்கலாம், யாருக்கு எவ்வளவு என்பதை உறியின் உயரம் வரையறுத்தது. மாமியாரின் கை எட்டும் இடத்தில் மருமகளின் கை தயங்கியது. சிக்கனத்தின் கருவியே அதிகாரத்தின் கருவியுமாக இருந்தது. கண்ணன் உறியைத் துளைக்கும் கதை தலைமுறைகளாகச் சுவைத்ததற்குப் பக்தி மட்டும் காரணமில்லை என்று நாம் எண்ணுகிறோம். எட்டாததை எட்டிவிடும் ஒரு சிறு கையின் வெற்றியும் அதில் இருக்கிறது.

உறி மறைந்ததற்குக் காரணங்கள் எளியவை. கம்பிவலை அடித்த அலமாரி வந்தது. பின்னர்க் குளிர்பெட்டி வந்தது. அவற்றோடு கூரையும் மாறியது. கான்கிரீட் கூரையில் விட்டமில்லை, வளையில்லை. கயிறு கட்ட இடமில்லை. எஞ்சிய ஒரே கொக்கியில் மின்விசிறி சுழல்கிறது. பொருள் போயிற்று, விழா மட்டும் நின்றது. தஞ்சைப் பக்கத்து வரகூரில் கோகுலாட்டமியின்போது நடக்கும் உறியடி புகழ்பெற்றது. மும்பையில் அதே விளையாட்டு மனிதக் கோபுரங்களாக உயர்ந்து 'தஹி ஹண்டி' ஆயிற்று. வீட்டில் உறியைக் காணாத தலைமுறைக்கு உறியின் இலக்கணத்தைக் கற்பிப்பது இந்த விழாதான். தாங்கும் கயிற்றின் பெயர் தாங்கப்பட்ட பானைக்குத் தாவிவிட்டது இவ்வாறுதான். நகரத்து மாடிக் குடியிருப்புகளில் பூந்தொட்டி தொங்கவிடும் முடிச்சுப் பின்னல் 'மேக்ரமே' என்ற பெயரில் விலைக்கு வருகிறது. கண்டவுடன் அதை உறி என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வீடுகளில் எத்தனை பேர்?

சொற்பொருள் மாறுவது மொழியின் இயல்பு. அதைத் தடுக்க யாராலும் இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. விழாவில் உடையும் பானையை மக்கள் உறி என்றே அழைக்கட்டும். ஆனால் பாடநூலில் 'உறி - தொங்கவிடும் கயிற்றமைப்பு' என்று ஒற்றை வரியில் பொருள் எழுதிக் கடந்துவிடுவது போதாது. இடையனின் தோள்தழும்பு, துறவியின் ஒற்றை உடைமை, மாதரியின் கலக்கம், ஆயர்பாடியின் களிப்பு ஆகிய நான்கும் அந்த ஒரு சொல்லின் பொருள் தெரிவதைச் சார்ந்திருக்கின்றன. சொல்லோடு ஒரு படமும், அதில் என்ன வைத்தார்கள், யார் இறக்கினார்கள் என்ற நான்கு வாக்கியங்களும் இருந்தால் மாணவர் மீதியைத் தாமே கண்டுகொள்வர்.

அதற்கும் மேலாக ஒரு சிறு பணி இருக்கிறது. உறியில் கைவைத்துப் பழகிய முதியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். உறியின் மேல்முடிச்சுக்கு என்ன பெயர், கீழ்வளையத்துக்கு என்ன பெயர், எந்த நாரில் முடைந்தார்கள், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கயிறு மாற்றினார்கள் என்று அவர்களைக் கேட்டுத் தமிழிலும், வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுவோர் அம்மொழிகளிலும் எழுதிவைக்கலாம். ஆரணியில் இரண்டு தெருக்களைச் சுற்றிவந்தாலே ஒரு குறிப்பேடு நிறையும்.